52-ஆ, 54-ஆ? ஃப்ரேமை விடுங்கள், முதலில் உட்காரும் இடத்தை முடிவு செய்யுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். மற்றவர்கள் படிக்கும்போது வசதியாக இருக்கும். தக்கலையில் இருக்கிறீர்கள். உயரம் 171 செ.மீ. மூன்றரை லட்ச ரூபாயில் ஒரு கார்பன் ரோடு சைக்கிள் வாங்குவதா, அல்லது உடம்பை அளந்து ஒரு ஸ்டீல் ஃப்ரேம் செய்து வாங்குவதா என்று யோசிக்கிறீர்கள். ஃப்ரேம் அளவு 52 போதும் என்கிறார் கடைக்காரர். நிறுவனத்தின் அட்டவணை 54 என்கிறது. இப்போதைய சைக்கிளில் கன்னியாகுமரி போய்த் திரும்புவதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடுகின்றன, கழுத்து பிடித்துக்கொள்கிறது. புதிய சைக்கிளில் இதெல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. இன்றைக்கு நீங்கள் உட்காரும் விதத்தை அப்படியே புதிய சைக்கிளுக்குக் கொண்டுபோனால், அதே இரண்டு விரல்கள் இன்னும் அதிகச் செலவில் மரத்துப்போகும். ஃப்ரேம் எண்ணைப் பற்றிய விவாதத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சைக்கிளின் மேல் உங்கள் பாதமும் இடுப்பும் கையும் எங்கே இருக்க வேண்டும் என்பது முதலில் மில்லிமீட்டரில் தெரிய வேண்டும். அதைத் தாங்கிப் பிடிப்பதுதான் ஃப்ரேமின் வேலை. பணம் எவ்வளவு கூடுகிறதோ, பின்னால் மாற்றிக்கொள்ளும் வசதி அவ்வளவு குறைகிறது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பேன்ட்டின் உள்கால் 76 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணால் பயனில்லை. துணி உடம்பைத் தொடும் இடத்துக்கும் எலும்பு உட்காரும் இடத்துக்கும் இடைவெளி உண்டு. செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவாக இடம் விடுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, முதுகுப் பக்கம் மேலே வருமாறு வைத்து, சீட் அழுத்துகிற அழுத்தத்தில் மேலே இழுங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை வேறொருவர் அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். உங்கள் உயரத்துக்கு 80 செ.மீ. சுற்றி வரலாம், உதாரணத்துக்கு அதையே வைத்துக்கொள்வோம்.

அந்த எண்ணை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் குழாயின் போக்கில் அளக்கும் உயரம் வரும். 80 செ.மீட்டருக்கு 70.6 செ.மீ. பிரெஞ்சு அணி மேலாளர் சிரில் கிமார் பயன்படுத்தி, அவரிடம் ஓட்டிய அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் வழியாக உலகெங்கும் பரவிய கணக்கு இது. ஆனால் அது தோல்வார் கட்டிய பெடல் காலத்துக் கணக்கு. இன்றைய கிளீட் ஷூவின் (பெடலோடு பூட்டிக்கொள்ளும் கட்டை அடியில் உள்ள ஷூ) அடிப்பாகம் மெலிது என்பதால் சில மில்லிமீட்டர் குறைக்க வேண்டியிருக்கும். சூத்திரத்துக்கு உங்கள் பாதத்தின் நீளமும் தெரியாது, கிராங்க்கின் நீளமும் தெரியாது. 172.5 மி.மீ. கிராங்கிலிருந்து 165-க்கு மாறினால் சீட்டை 7.5 மி.மீ. உயர்த்த வேண்டும். இந்த எண்ணைப் புறப்படும் இடமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சோதனை முழங்கால். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் முழுதாக நீளாமல் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்க வேண்டும். இது சைக்கிளை நிறுத்தி வைத்து அளக்கும் கணக்கு. ஓடும்போது குதிகால் சற்று எழும்புவதால் காணொளியில் சில டிகிரி கூடுதலாகவே தெரியும். இரண்டையும் குழப்பிக்கொண்டு சீட்டை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் உயரம் அதிகம், சூத்திரம் என்ன சொன்னாலும் சரி. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் பெரும்பாலும் உயர்வு.

இனி உங்கள் விரல்களுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் சீட்டின் மூக்கு நன்றாகவே கீழே சாய்ந்திருக்கிறது. சீட்டும் அதன் அடிக்கம்பிகளில் எவ்வளவு முன்னால் வர முடியுமோ அவ்வளவு வந்திருக்கிறது. ஹேண்டில்பார் எட்டவில்லை என்று முன்னால் தள்ளியிருப்பீர்கள், உறுத்துகிறது என்று மூக்கைச் சாய்த்திருப்பீர்கள். இரண்டுமே நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். விளைவு என்ன? ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முன்னால் வழுக்குகிறது, அதைக் கைகள் தடுத்து நிறுத்துகின்றன. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில் அல்நார் நரம்பு போகிறது. அங்கே மணிக்கணக்கில் எடை விழுந்தால் மரத்துப்போவது சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும்தான். பெருவிரல், சுட்டுவிரல் பக்கம் மரத்திருந்தால் அது வேறு நரம்பு. மணிக்கட்டை எப்படி வளைத்துப் பிடிக்கிறீர்கள் என்று பார்க்கச் சொல்லியிருப்பேன்.

கை மரத்தால் கடையில் ஜெல் கையுறை தருவார்கள், தடித்த டேப் சுற்றுவார்கள். நோய் இருப்பது சீட்டில், மருந்து போவது கைக்கு. முதலில் ஒரு மட்டப்பலகையைச் சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்துச் சமமாக்குங்கள். பிறகு சீட்டை ஐந்து ஐந்து மில்லிமீட்டராகப் பின்னால் நகர்த்துங்கள். போதுமா என்பதற்குச் சோதனை இது: டிரெய்னரிலோ (சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் தாங்கி) வண்டி வராத சாலையிலோ ஓரளவு வலுவாக மிதித்துக்கொண்டு, ஹூட்டை (பிரேக் பிடியின் ரப்பர் மேல்பகுதி) பிடித்த கைகளை ஒரு கணம் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உடம்பு பொத்தென்று முன்னால் விழுந்தால் சீட் இன்னும் பின்னால் போக வேண்டும். சிரமப்பட்டாவது நிற்க முடிந்தால் எடை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, அது பெடல் அச்சின் மேல் விழ வேண்டும் என்று சொல்வார்கள். சைக்கிளை உடம்புக்குப் பொருத்தித் தரும் ஃபிட்டர்கள் பலர் இதை இன்றும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஃப்ரேம் வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் இதற்கு இயக்கவியல் அடிப்படை எதுவும் கிடையாது என்று எழுதிப் பல காலம் ஆகிறது. படுத்தபடி ஓட்டும் சைக்கிளில் அந்த நூல் பெடல் பக்கம்கூட வராது, ஆனாலும் முழங்கால் நன்றாகவே இருக்கிறது. நூலை வைத்துப் பார்ப்பதில் கெடுதல் இல்லை. நூலுக்காக உடம்பை வருத்துவதுதான் வேண்டாம்.

ஒன்றை மாற்றினால் இன்னொன்று நகரும் என்பதையும் நினைவில் வையுங்கள். சீட் குழாய் ஏறத்தாழ 73 டிகிரி சாய்வில் இருப்பதால், சீட்டை 1 செ.மீ. உயர்த்தினால் அது கிட்டத்தட்ட 3 மி.மீ. பின்னாலும் போகிறது. ஹேண்டில்பாருக்கும் இதே கதைதான்: ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) அடியில் 1 செ.மீ. ஸ்பேசர் (வளையம்) வைத்தால் பார் உயர்வதோடு சுமார் 3 மி.மீ. உங்களை நோக்கி வருகிறது. 52-ஆ 54-ஆ என்ற வழக்கு இந்த 3 மில்லிமீட்டரில்தான் தீரும்.

சீட்டின் அகலத்தையும் அளந்துவிடுங்கள், செலவில்லாத வேலை. கெட்டியான படிக்கட்டில் நெளி அட்டை ஒன்றைப் போட்டு, முன்னால் குனிந்து அதன் மேல் அழுந்த உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் விழும். அவற்றின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தோடு இரண்டு செ.மீ. சுமார் கூட்டிக்கொண்டால் வாங்க வேண்டிய அகலத்தை நெருங்கலாம். மெத்து மெத்தென்ற சீட் கடையில் சுகமாக இருக்கும், சுசீந்திரம் தாண்டும்போது கழுத்தறுக்கும். எலும்பு மெத்தைக்குள் இறங்கியதும் நடுவில் இருக்கும் சதை அழுந்தத் தொடங்குவதே காரணம்.

இப்போது ஃப்ரேம். 52, 54 என்பதெல்லாம் ஒரு காலத்தில் சீட் குழாயின் நீளம். மேல்குழாய் சாய்ந்துபோன பிறகு அது வெறும் பெயர். ஒரு நிறுவனத்தின் 52 இன்னொன்றின் 54-ஐ விட நீளமாக இருக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியவை ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்கள். கிராங்க் அச்சின் மையத்திலிருந்து ஹெட் டியூப்பின் (ஃப்ரேமின் முன்பக்கக் குழாய்) உச்சி வரை செங்குத்தாக எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். கிடையாக எவ்வளவு முன்னால் என்பது ரீச். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 52-க்கு ஸ்டாக் 540, ரீச் 380. 54-க்கு ஸ்டாக் 560, ரீச் 382 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீச்சில் 2 மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் 52-ல் அதே உயரத்துக்குப் பாரைக் கொண்டுவர 20 மி.மீ. ஸ்பேசர் வேண்டும், அது 6 மில்லிமீட்டரை விழுங்கிவிடும். ஆக 54 உண்மையில் 8 மி.மீ. நீளம். 52-ல் 20 மி.மீ. ஸ்பேசரோடு 110 ஸ்டெம், 54-ல் ஸ்பேசர் இல்லாமல் 100 ஸ்டெம்; இரண்டிலும் உங்கள் கை ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் இருக்கும். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, அட்டவணையும் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் எதை எடுப்பது? நான் 54 பக்கம் சாய்வேன், கழுத்துக்காக. உயரம் போதவில்லை என்றால் அதில் ஸ்பேசர் சேர்த்து மேலே போகலாம்; 52-ல் ஏற்கெனவே 20 போட்டாகிவிட்டது, கார்பன் ஸ்டியரரில் (முன்ஃபோர்க்கிலிருந்து மேலே வரும் குழாய்) எவ்வளவு ஸ்பேசர் வைக்கலாம் என்பதற்கு நிறுவனமே ஓர் எல்லை வைத்திருக்கும். ஆனால் இது உதாரண எண்களுக்கான தீர்ப்பு. நீங்கள் பார்க்கும் மாடலின் எண்களை எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹெட் டியூப்பை ஒட்டிப் பார் தாழ்ந்து கிடந்தால்தான் பந்தய சைக்கிள் என்ற அழகுணர்ச்சி ஒன்று நம் பையன்களிடம் பரவியிருக்கிறது. தொலைக்காட்சியில் பார்ப்பது இருபது வயதிலிருந்து அதையே தொழிலாகச் செய்கிறவர்களின் முதுகு. உங்கள் முதுகு நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிற முதுகு.

விலை கூடினால் மாற்றும் வசதி குறைகிறது என்றேன் அல்லவா? மேல்தட்டு மாடல்களில் ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே துண்டாக வார்க்கப்பட்டிருக்கும். ஹைட்ராலிக் பிரேக் குழாய்கள் அதன் உள்ளே புகுந்து ஹெட்செட் வழியாகப் போகும். ஸ்டெம்மை 10 மி.மீ. குறைக்க வேண்டுமென்றால் முழுத்துண்டையும் புதிதாக வாங்கி, பல மாடல்களில் குழாயைக் கழற்றி, வெட்டி, எண்ணெய் மாற்றிக் காற்றெடுக்க வேண்டும். சாதாரண சைக்கிளில் நான்கு திருகு கழற்றி கால் மணி நேரத்தில் முடிகிற வேலை இது. ஆகவே பாரும் ஸ்டெம்மும் தனித்தனியாக இருக்கும் மாடலைத் தேர்ந்தெடுங்கள். பாரின் அகலம் தோள் எலும்புகளின் அகலத்தை ஒட்டி இருக்கட்டும். உங்கள் உடம்புக்கு 40 அல்லது 42 வரும். ஸ்டியரர் குழாயை உடனே வெட்ட விடாதீர்கள். ஸ்டெம்முக்கு மேலே இரண்டு ஸ்பேசர் துருத்திக்கொண்டு அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும், மூன்று மாதம் ஓட்டிவிட்டு வெட்டலாம்.

கிளீட் பற்றிச் சுருக்கமாக. பனையேறிகள் காலில் மாட்டும் திளாப்பு அவரவர் பாதத்துக்குப் பொருந்தாவிட்டால் மரமேறுவது எப்படி இருக்குமோ, கிளீட்டும் அப்படித்தான். இன்னொருவரின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பாதத்தின் முன்பந்துக்கு நேர்கீழேயோ சற்றுப் பின்னாலோ பெடல் அச்சு வரட்டும். ஷிமானோ ரோடு கிளீட்டில் மஞ்சள் 6 டிகிரி, நீலம் 2 டிகிரி திரும்ப இடம் தரும். சிவப்பு அசையவே அசையாது. மஞ்சளில் தொடங்குங்கள். முழங்காலின் பக்கவாட்டில் வலி வந்தால் சீட்டைத் தொடுமுன் கிளீட்டின் கோணத்தைப் பாருங்கள். ஷூவை மாலையில் வாங்குங்கள், நம் ஊர் வெக்கையில் பாதம் பகலெல்லாம் வீங்கியிருக்கும்.

சரிபார்க்க நம் மாவட்டத்தைப் போல வசதியான இடம் அதிகம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து தோவாளை வழியாக ஆரல்வாய்மொழிக்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் ஒரு நாள் போய்வாருங்கள். போகும்போது மேற்குக் காற்று முதுகில் தள்ளும், எந்த ஃபிட்டும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் பரீட்சை. எதிர்காற்றில் தானாகவே கைகள் ஹேண்டில்பாரின் கீழ் வளைவுக்குப் போகும். அங்கே பத்துப் பதினைந்து நிமிடம் பிடித்திருந்து, முன்னால் வரும் லாரியைக் கழுத்தை முறிக்காமல் பார்க்க முடிகிறதா? முடியவில்லை என்றால் பார் தாழ்வு அல்லது தூரம். கீழ் வளைவையே பயன்படுத்த முடியாத ஒருவருக்குக் காற்றைக் கிழிக்கும் சைக்கிள் எதற்கு? உயரமான கார்பன் ரிம் வாங்கும் எண்ணம் இருந்தால் கணவாயின் பக்கவாட்டுக் காற்றையும் அன்றைக்கே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பரீட்சை குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு, ரப்பர் தோட்டங்கள் வழியே ஏறி இறங்கும் சாலை. உட்கார்ந்தபடி ஏறும்போது சீட்டில் நீங்கள் எங்கே போய் அமர்கிறீர்கள் என்று கவனியுங்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் மூக்கு நுனிக்கு வந்துவிடுகிறீர்கள் என்றால், சீட் அதிகம் பின்னால் போய்விட்டது அல்லது அதிகம் உயர்ந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், 3 முதல் 5 மி.மீ. வரை மட்டும் மாற்றுங்கள். மாற்றுமுன் பழைய இடத்தில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கார்பன் பாகங்களில் டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் சாவி) இல்லாமல் கை வைக்காதீர்கள்; எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது பாகத்திலேயே எழுதியிருக்கும், ஸ்டெம் திருகுகளுக்குப் பெரும்பாலும் 5.

டயர் காற்றும் கையைப் பாதிக்கும். 25 மி.மீ. டயரில் 120 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டு ஹேண்டில்பாரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. 28 மி.மீ. டயரில் உங்கள் எடைக்கு 70-ஐ ஒட்டி வைத்துப் பாருங்கள்.

ஃபிட்டரிடம் போவது அவசியமா என்று கேட்டால், மூன்றரை லட்சம் செலவழிக்கிறவருக்கு அவசியம் என்பேன். ஆனால் சைக்கிள் வாங்குவதற்கு முன்னால். பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களில் அளவை மாற்றக்கூடிய ஃபிட்டிங் சைக்கிளும் அசைவைப் பதிவு செய்யும் கேமராவும் வைத்துச் செய்கிறார்கள். இயந்திரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அது அளக்கும், அவ்வளவுதான். முதலில் உங்களைப் படுக்கவைத்துக் கால் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்கிறாரா, பழைய காயங்களைக் கேட்கிறாரா, இரண்டு கால்களின் நீளத்தையும் ஒப்பிடுகிறாரா என்று கவனியுங்கள். நேரே லேசரை எடுத்தால் எழுந்து வந்துவிடலாம். வெளியே வரும்போது கையில் ஐந்து எண்கள் இருக்க வேண்டும்: சீட் உயரம், சீட்டின் மூக்கு கிராங்க் அச்சுக்கு எவ்வளவு பின்னால், சீட் மூக்கிலிருந்து பார் வரையான தூரம், சீட்டுக்கும் பாருக்கும் உயர வித்தியாசம், கிராங்க் நீளம். அந்த எண்களும் நிரந்தரமல்ல. 1969-ல் பிரான்சின் புளுவா நகர வெலோட்ரோமில் (சைக்கிள் பந்தயத் திடல்) விழுந்து இடுப்பு அடிபட்ட பிறகு பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் பந்தயம் நடக்கும்போதே ஆலன் கீயை எடுத்துச் சீட் உயரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்கே அப்படி என்றால் நமக்கு வருடத்துக்கு ஒரு முறையாவது மறுபரிசீலனை வேண்டும்.

கடைசியாக, செய்து வாங்கும் ஃப்ரேம். உங்கள் உள்கால் உண்மையிலேயே 79-லிருந்து 82-க்குள் வந்தால், பொருத்தத்துக்காக அது தேவையே இல்லை. சந்தையில் இருக்கும் ஃப்ரேம்களில் நான்கைந்தாவது உங்களுக்குச் சரியாக உட்காரும். கால் நீண்டு உடல் குறுகியவர்கள், அதற்கு நேர் எதிரானவர்கள், 155 செ.மீட்டருக்குக் கீழே உள்ள பெண்கள், இவர்களுக்குத்தான் அது உண்மையான வரம். சின்ன ஃப்ரேமில் வழக்கமான பெரிய 700சி சக்கரத்தை அடைக்க நிறுவனங்கள் கோணங்களை வளைத்தாலும், திரும்பும்போது ஷூவின் நுனி முன்சக்கரத்தில் இடிப்பது உண்டு. ஆசைக்காகச் செய்து வாங்குகிறீர்கள் என்றால் அதிலும் தவறில்லை, ஸ்டீலின் அழகு தனி. ஆனால் செய்பவருக்கு உடம்பு அளவுகளை மட்டும் அனுப்பாதீர்கள், மேலே சொன்ன ஐந்து எண்களையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் இன்றைய கோளாறையே பற்றவைத்து நிரந்தரமாக்கித் தந்துவிடுவார். 100 அல்லது 110 ஸ்டெம்மும் 10, 20 மி.மீ. ஸ்பேசரும் வருமாறு வரையச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் நகர இடம் இருக்கும். 32 மி.மீ. டயர் புகும் இடைவெளி கேளுங்கள்.

குளச்சல், முட்டம் பக்கம் அடிக்கடி ஓட்டுகிறவர் என்றால் ஸ்டீலுக்கு உள்பக்கம் துருத்தடுப்புப் பூச்சும், கிராங்க் அச்சின் அடியில் தண்ணீர் வடியத் துளையும் கட்டாயம். இரண்டு மழைக்காலமும் உப்புக்காற்றும் சேர்ந்த ஊர் இது. ஸ்டீல் ஃப்ரேமுக்குள் அலுமினிய சீட் போஸ்ட்டைக் கிரீஸ் இல்லாமல் சொருகி ஒரு வருடம் விட்டால் இரண்டும் ஒன்றாகி, சீட் உயரத்தை மாற்றும் பேச்சுக்கே இடமிருக்காது. கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று உள்ள கார்பன் பேஸ்ட்தான் (ஒட்டும் பசை அல்ல). எதுவானாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போஸ்ட்டை வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். டேப் சுற்றிய உயரக் குறி இருப்பதால் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இந்த வாரம் சீட்டை மட்டமாக்கிப் பின்னால் தள்ளி, புத்தகம் வைத்து அளந்த உள்கால் அளவோடு நீங்கள் பார்க்கும் இரண்டு மாடல்களின் ஸ்டாக், ரீச் எண்களையும் எழுதுங்கள். ஸ்டெம் எத்தனை என்று அப்போது சொல்கிறேன்.